கொல்லிமலையில் கூடிய டென்மார்க் உச்ச நீதிமன்றம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ‘இது உனக்குத் தெரியுமா’ என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல வாய் வராது. சின்ன வயதில் நீச்சல் தெரியும் என்று சொல்லிக் கிணற்றில் குதித்தேன். நாலு பேர் கயிறு போட்டுத் தூக்கினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வீணை தெரியும் என்று சொல்லி, அவர்கள் நிஜமாகவே வீணையைத் தூக்கிவந்து முன்னால் வைத்த பிறகு வயிற்றுவலி வந்து தப்பித்தேன். ஆகவே, கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் போன் செய்து, தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தயாராகிறது, வெளிநாடுகளின் சட்ட வரலாறு எழுத ஆள் கிடைக்கவில்லை, உனக்கு வருமா என்று கேட்டபோது நான் சொன்னது இது: ‘என்னடா இப்படிக் கேட்டுவிட்டாய், அது என் சொந்தத் துறை ஆயிற்றே.’ மறுநாள் மின்னஞ்சல் வந்தது. என் பங்குக்கு ஒதுக்கியிருந்த தலைப்பு, டென்மார்க் உச்ச நீதிமன்றத்தின் வரலாறு. மூன்று மாதம் அவகாசம்.

அப்போது நான் கொல்லிமலையில், அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்னக் கிளை நூலகத்தில் நூலகர். சொந்த ஊர் துறையூர். மாற்றல் உத்தரவு வரும்வரை புளியஞ்சோலையில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு மலையை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அரசாங்கம்தான் பிடித்து ஏற்றியது. நூலகத்தில் இரண்டு பீரோ, ஒரு மேஜை, போட்டித் தேர்வுக்கான பழைய வினா விடைப் புத்தகங்கள். டென்மார்க் பற்றி அங்கே இருந்த ஒரே தகவல், பள்ளிக்கூட அட்லஸில் கட்டைவிரல் அளவுக்குப் பச்சையாக ஒரு கறை. அதிலும் பாதி டீக்கறை.

மற்றபடி எல்லாவற்றையும் போனில்தான் படித்தாக வேண்டும். போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஊரிலேயே ஒன்றுதான். டீக்கடை பெஞ்சின் வலது ஓரம். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் சிக்னல் போய்விடும். எனவே என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு முழ இடத்தில்தான் நடந்தது. வெறும் டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? உட்கார்ந்ததற்குக் கூலியாக, படித்ததை அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

டீக்கடையை நடத்தியவர் நாற்பதை ஒட்டிய ஒரு அக்கா. காலையில் டீ, மத்தியானம் எனக்குச் சோறு. பலாக்கொட்டை போட்டுக் குழம்பு வைத்தால், மூன்றாம் முறை ‘போதும்’ என்று சொல்லும்போது எனக்கே நான் பொய் சொல்வது தெரியும். அக்காவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மாதம் ஒரு தடவை வருவார். தன் அண்ணன் எதிரே மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். அந்த அண்ணன்தான் எனக்கு வீட்டு ஓனர். அவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை, காலையில் அவர்கள் அடுப்பிலிருந்து ஒரு வாளி வெந்நீர். ஆக, என் தலைக்கு மேலிருந்த கூரை அண்ணனுடையது. வயிற்றுக்குள் போனதெல்லாம் தம்பி மனைவியினுடையது. இரண்டு வீட்டுக்கும் ஆகாத நிலை வந்தால் என் கதி என்ன என்று அப்போது யோசிக்கவில்லை. டென்மார்க்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகாத நிலை வந்தது. அண்ணன் நிலத்துக்கும் தம்பி நிலத்துக்கும் நடுவே வேலியோரம் ஐந்து சில்வர் ஓக் மரங்கள். மரம் நிற்பது அண்ணன் பக்கம். அந்த ஐந்து மரத்திலும் ஏறியிருப்பது மிளகுக் கொடி. கொடியின் வேர் இருப்பது வேலிக்கு இந்தப் பக்கம், தம்பி பங்கில். நட்டவர் அக்கா. எட்டு வருஷக் கொடி, ஒவ்வொன்றும் மரத்தின் உச்சிக்குப் போய் எட்டிப் பார்க்கிறது. அக்காவின் மகள் நாமக்கல்லில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். டீக்கடை அவர்களுக்குச் சோறு போட்டது. மகளைப் படிக்க வைத்தது அந்த மிளகு. இப்போது அண்ணன் ஐந்து மரத்தையும் அடிவாரத்து மர வியாபாரி ஒருவருக்கு விலை பேசிவிட்டார். வைகாசி முடிவதற்குள் வெட்ட வேண்டும், திங்கட்கிழமை லாரி வரும் என்று பேச்சு. மரம் விழுந்தால் கொடியும் போச்சு. மறுபடி நட்டு அது காய்க்கும்போது மகள் படிப்பு முடிந்திருக்கும், அல்லது நின்றிருக்கும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அக்கா முறையிட்டிருந்தார். ஆனால் நம்பிக்கை இல்லாமல்தான் முறையிட்டார். காரணம், கூட்டத்தின் வழக்கம் அப்படி. ஊருக்குத் தலைவர் ஊர்க்கவுண்டர், எழுபதைத் தாண்டியவர். பிராது சொல்லி முடிந்ததும் முதலில் அவர்தான் வாயைத் திறப்பார். அதற்குப் பிறகு மற்ற ஏழு பேரும் வரிசையாக ‘ஆமாங்க’ என்பார்கள். ஏழு ஆமாங்க முடிந்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்கவுண்டரின் மூத்த மகளைக் கட்டியவர் யார் தெரியுமா? என் வீட்டு ஓனர்தான். மாமனார் என்ன சொல்லுவார் என்பதைக் கணிக்க ஜோசியர் தேவையில்லை.

இந்த நேரத்தில்தான் நான் பெஞ்சின் வலது ஓரத்தில் டென்மார்க்கை விரித்து வைத்திருந்தேன்.

ஊர்க்கவுண்டர் தினமும் காலையில் அங்கே டீ குடிக்க வருவார். கூடவே அவருடைய இளைய மாப்பிள்ளையும் வருவார். வீட்டோடு மாப்பிள்ளை. வாசலூர்பட்டிப் பக்கத்துக்காரர். ஒன்பது வருஷத்துக்கு முன் கல்யாணமாகி இங்கே வந்து, மாமனாரின் குடையைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து, குடையை விடவும் கம்மியாகப் பேசும் ஆளாகிவிட்டவர். ஊர்க்கூட்டத்தில் ஏழாவது ஆமாங்க அவருடையது.

நான் சொன்ன கதை ஊர்க்கவுண்டருக்கு ரொம்பப் பிடித்தது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டு ராஜா, பிரபுக்கள் கையிலிருந்த அதிகாரத்தையெல்லாம் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட சூட்டோடு இந்த நீதிமன்றத்தை ஏற்படுத்தினார். பேருக்கு ராஜாதான் தலைவர். வருஷத்தில் ஒரு நாள் சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வழக்கைக் கேட்பார். மற்ற நாளெல்லாம் சிவப்பு அங்கி போட்ட நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள். அரண்மனையிலேயே இடம். அரண்மனை எரிந்தபோது நீதிமன்றமும் குடிபெயர்ந்தது. சிவப்பு அங்கி என்றதும் ஊர்க்கவுண்டர் தன் துண்டை ஒரு தடவை சரிசெய்துகொண்டார்.

நம்ம தரங்கம்பாடி இருநூறு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டு ராஜாக்களின் கையில்தான் இருந்தது என்றும், அங்கே தோற்றவன் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் காகிதம் கப்பலேறி அந்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்றும் சொன்னேன். பதில் வர எத்தனை மாதம் என்று அக்கா கேட்டார். போய்வரவே ஒரு வருஷம் பிடிக்கும் என்றேன், நானே கப்பலோட்டியவன் மாதிரி. அதற்குள் மரத்தை வெட்டியிருப்பார்களே என்றார் அக்கா. அப்போதுதான் அவர் எதை நினைத்துக்கொண்டு என் கதையைக் கேட்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் சொன்னேன். அந்த நீதிமன்றம் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு காலம் தீர்ப்புக்குக் காரணமே சொன்னதில்லை. இன்னார் ஜெயித்தார், இன்னார் தோற்றார், அவ்வளவுதான். எந்த நீதிபதி எந்தப் பக்கம் நின்றார் என்பது வெளியே தெரியக்கூடாது, ரகசியம். ஊர்க்கவுண்டருக்கு இது தேன் குடித்த மாதிரி இருந்தது. தன் கூட்டத்திலும் அப்படித்தான், காரணம் கேட்டால் காரியம் ஓடாது என்றார். மாப்பிள்ளை குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆள் நான் இல்லையே. அங்கே நீதிபதிகள் கூடிக் கருத்துச் சொல்லும்போது கடைசியாகப் பதவிக்கு வந்தவர்தான் முதலில் பேசுவார், தலைவர் எல்லோருக்கும் பிறகுதான் பேசுவார் என்று சொன்னேன். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர்கள் வாய் அடைத்துப்போகும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு மறுபடி ஆற்றினார். எனக்கு மட்டும் அன்றைக்கு டீயில் சர்க்கரை கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் திடலில் கூட்டம். அரசாங்க உத்தியோகஸ்தன் என்று எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மற்றவர்கள் பாயில். அதற்கு நான் கூச்சப்பட்ட மாதிரி நடித்துவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டேன். ஓனர் தன் வழக்கைச் சொன்னார்: மரம் என்னுது, மண் என்னுது, வெட்டறேன். அக்கா தன் வழக்கைச் சொன்னார். சொல்லி முடித்ததும் உட்காராமல் நின்றார்.

“ஒரே ஒரு வார்த்தைங்க. டென்மார்க்குல ராஜாவோட கோர்ட்டுல தலைவரு கடைசியிலதானுங்க பேசுவாராம். முன்னால பேசறது சின்னப்பட்டவங்க வேலையாம். நம்ம கவுண்டரு என்னத்துக்குங்க முதல்ல பேசோணும்? கடைசியில பேசறவருக்குத்தானுங்க கௌரவம்.”

இதை நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அக்கா சொன்ன விதத்தில் அது என் கட்டுரையை விட நன்றாக இருந்தது. ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். அப்படித்தானா என்று கேட்டார். அப்படித்தானுங்க என்றேன். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு அங்கி அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. சரி, இன்னைக்கு அப்படியே செய்து பார்ப்போம், சின்னவன் யார், அவன் பேசட்டும் என்றார்.

ஓனர் முகத்தில் லேசாக ஒரு கலவரம். ஆனால் மாமனார் எப்போது பேசினாலும் மாமனார்தானே என்று தேற்றிக்கொண்டவர் போல் கால்மேல் கால் போட்டார்.

இருப்பதில் வயது குறைந்தவரைத் தேடினார்கள். முப்பத்தைந்து வயதில் ஒருவர் இருந்தார். அவரை எழுந்திருக்கச் சொன்னார்கள். இங்கேதான் என் புத்தி தன் வேலையைக் காட்டியது. தப்பான தகவல் ஒன்று என் எதிரே நடமாடுவதைப் பொறுக்க முடியாமல், கையைத் தூக்கினேன்.

“வயசு இல்லீங்க. கடைசியா வந்து சேந்தவரு யாரோ, அவருதான் முதல்ல.”

திடல் கொஞ்ச நேரம் யோசித்தது. கடைசியாக வந்து சேர்ந்தவர் யார் என்று ஒவ்வொருவராகக் கணக்குப் பார்த்தார்கள். பார்த்து முடிந்ததும் எல்லாத் தலைகளும் என் பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கம் திரும்பின. நான் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் ஊர்க்காரன் இல்லையே, எனக்கு இதில் பேச உரிமை இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். ஊர்த் தண்ணி குடிக்கறீங்க, ஊர்ச் சோறு திங்கறீங்க, ஊர்க் கூட்டத்துல சேர் போட்டு உக்காந்திருக்கீங்க, அப்புறம் என்னங்க என்றார்கள். பாயில் உட்கார்ந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

எழுந்தேன். ஓனர் என்னையே பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டேன். டென்மார்க் ராஜாவிலிருந்து ஆரம்பித்தேன். வழக்கறிஞர்கள் எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, வாயால்தான் பேச வேண்டும் என்ற வழக்கத்தைச் சொன்னேன். அரண்மனை எரிந்ததைச் சொன்னேன். இரண்டாவது தடவை எரிந்ததையும் சொன்னேன். பிற்காலத்தில் ராஜாவின் ஏகபோகம் போய் அரசியல் சட்டம் வந்தது, ரகசியம் போய்த் தீர்ப்புக்குக் காரணம் சொல்லும் வழக்கம் வந்தது, பெண் நீதிபதிகள் வந்தார்கள் என்று இன்றைய தேதி வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் அந்த நீதிமன்றத்துக்கு வரலாறு இல்லை. ஊர்க்கவுண்டர் கொட்டாவியை முடித்துக்கொண்டு கேட்டார்.

“சரிங்க சாமி. மரம் நிக்கட்டுங்களா, வெட்டலாங்களா?”

கடைசியாக ஒரு யுக்தி தோன்றியது. அந்தக் காலத்தில் கருத்து ரகசியம் என்று சொன்னேன் அல்லவா, அந்த மரபுப்படி தங்கள் காதில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவரும் பெரிய மனது பண்ணித் தலையைச் சாய்த்தார். குனிந்து, உதட்டைக் கையால் மறைத்து, ‘நிக்கட்டுங்க’ என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நியாயம் அதுதான் என்று பட்டது. தைரியம் காதளவுக்குத்தான் இருந்தது.

ஊர்க்கவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி, “லைப்ரரிக்காரரு மரம் நிக்கட்டும்னு சொல்றாருங்க” என்றார்.

மறுநாள் காலையில் என் வெந்நீர் வாளி வரவில்லை. அது தனிக்கதை. மலைத் தண்ணீரில் குளித்தபோது நான் போட்ட சத்தம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஏறாது.

எனக்கு அடுத்துப் புதிதாக வந்தவர் யார்? வீட்டோடு மாப்பிள்ளை. ஒன்பது வருஷமாக ஏழாவது ஆமாங்க சொல்லிவந்தவர், இரண்டாவது ஆளாக எழுந்தார். எழுந்தவருக்குக் குடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஓனர் அவருக்குச் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். பெரிய மாப்பிள்ளைக்குத் தனி வீடு, தனித் தோட்டம். சின்ன மாப்பிள்ளைக்குக் குடை. அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“நான் இந்த ஊருக்கு வந்த மறு வருசமுங்க அவங்க கொடி வெச்சது. கோடையில ஓடையிலிருந்து குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்துவாங்க. நாளைக்கு இருபது நடை. நான் ஆடு மேய்ச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சகலை ஒரு நாளும் அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துனது இல்லைங்க. கொடிக்கு ஊத்துன தண்ணியக் குடிச்சுத்தான் மரம் அத்தாம் பெருசாச்சு. மரம் நிக்கட்டுங்க.”

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு வார்த்தை அவருக்குள் இருந்தது அவர் மாமனாருக்கே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது ஆள் எழுந்து, மரத்துக்காரன் மரத்தை வெட்டலாம், இதில் பேச என்ன இருக்கிறது என்றார். நாலாவது ஆளுக்குத்தான் கஷ்டம். ‘கவுண்டரு சொல்றதுதானுங்க’ என்றார். கவுண்டர் இன்னும் சொல்லவில்லையே என்றார்கள். அப்படியானால் சொன்ன பிறகு சொல்கிறேன் என்றார். கூடாது என்றார்கள். வேர்த்துப்போய், மூன்றாவது ஆளைப் பார்த்துக்கொண்டே, வெட்டலாம் என்றார். ஐந்தாவது ஆள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். தோளைத் தொட்டதும் பழக்க தோஷத்தில் ‘ஆமாங்க’ என்றார். யாருக்கு ஆமாம் என்று கேட்டார்கள். அவர் விழித்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தச் சகோதரர்களின் தகப்பனார் பாகம் பிரித்த அன்று அதே வேலியோரம் நின்று, மரம் பெரியவனுக்கு, அதில் சின்னவன் கொடி விட்டுக்கொள்ளட்டும் என்று சொன்னது தன் காதில் விழுந்தது, ஆகவே நிற்கட்டும் என்றார். திடலே அவர் பக்கம் திரும்பியது. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஓனர் பாய்ந்தார்.

“யாரும் கேக்கலீங்களே” என்றார் அவர்.

ஆறாவது ஆள், இதை விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு அடுத்தவன் மரத்தில் கொடி விடுவான் என்று பயந்து, வெட்டலாம் என்றார். ஏழாவது ஆள் நிற்கட்டும் என்றார். எட்டாவது ஆள் வெட்டலாம் என்றார். நூலகர் வேலை பார்த்தாலும் எனக்கும் கூட்டல் வரும். நாலு நிற்கட்டும். நாலு வெட்டலாம். மிச்சமிருந்தது ஒருவர்தான். கௌரவமாகக் கடைசியில் பேசப்போகிறவர்.

ஊர்க்கவுண்டர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கடைசி வார்த்தை என்றால் மாலை மாதிரி கழுத்தில் விழும் என்று நினைத்திருந்தார். அது நுகத்தடி மாதிரி விழுந்தது. இதற்கு முன்பெல்லாம் முதலில் சொல்லிவிடுவார். பின்னால் ஏழு ஆமாங்க சேர்ந்து அது ஊர்த் தீர்ப்பாகிவிடும். இப்போது எது சொன்னாலும் அவர் ஒருத்தர் சொன்னதாகத்தான் ஆகும். பெரிய மாப்பிள்ளைக்காகச் சொன்னார் என்பார்கள். அல்லது மாப்பிள்ளையைக் கைவிட்டார் என்பார்கள். தண்ணீர் கேட்டார். குடித்தார். டென்மார்க்கில் இப்படி ஆனால் தலைவர் என்ன செய்வார் என்று என்னைக் கேட்டார். அவர் சொல்லித்தான் ஆகணுமுங்க என்றேன். அப்படியானால் விடியட்டும், வெட்டுகிற இடத்திலேயே வந்து சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். என்னைக் கடக்கும்போது அவர் பார்த்த பார்வையில் ஒரு மாற்றல் உத்தரவு இருந்தது.

விடிந்தது. நான் குளித்த குளிரோடு வேலிக்குப் போனபோது அக்கா ஏற்கெனவே அங்கே நின்றார். கடை திறக்கவில்லை. ஓனர் எதிர்ப்பக்கம் நின்றார். ஏழு மணிக்கு லாரி வந்தது. மர வியாபாரி பாய் இறங்கினார். பின்னால் அரிவாள், ரம்பம், கயிற்றோடு நாலு ஆள். பாய் நல்ல மனிதர். நிலைமை தெரியாமல் அக்காவிடமே டீ கிடைக்குமா என்று கேட்டார். அக்காவின் கண் கயிற்றின் மேலேயே இருந்தது. ஓர் ஆள் முதல் மரத்தில் கயிறு வீசினான். கயிறு கொடியின் மேல் விழுந்து கொஞ்சம் இலை உதிர்ந்தது. அக்கா ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை, விடவும் இல்லை. வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஊர்க்கவுண்டர் வந்தார். கண் சிவந்திருந்தது. பின்னால் மாப்பிள்ளை. கவுண்டர் மரத்தடியில் போய் நின்று, கொடியின் வேரைக் குனிந்து பார்த்தார். வேர் வேலிக்கடியில் போய், மரத்தின் வேரோடு பின்னி, எது யாருடையது என்று தெரியாமல் கிடந்தது. நிமிர்ந்தார். பெரிய மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினார்.

“நாப்பது வருசமா நான் முதல்ல பேசுனேன். பேசிட்டு ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்குனேன். நேத்து எட்டுப் பேரு சொன்னதையும் கேட்டுத் தொலைச்சுட்டேன். ராத்திரி பூரா ஒருத்தனொருத்தனா வந்து காதுல பேசறானுக. நீ மரத்துக்குத் தண்ணி ஊத்துனியா, இல்லியா?”

ஓனர், மரத்துக்கு எவனாவது தண்ணீர் ஊற்றுவானா என்றார்.

“அப்பக் கொடி இருக்கற மட்டும் மரம் நிக்கட்டும். வருசம் ஒரு வள்ளம் மிளகு அளந்து மரத்துக்காரனுக்குக் குடுக்கட்டும். கொடி காஞ்சா வெட்டிக்க.”

“மாமா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க?”

“முதல்ல சொல்லியிருந்தா உனக்குத்தான் சொல்லியிருப்பேன் கண்ணு. கெடுத்துட்டாங்க.”

கெடுத்தவன் நான்தான் என்பதால் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஓனர் என்னைத் தேடவில்லை. தன் சகலையைத்தான் பார்த்தார். சகலை அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தார். அக்கா இன்னும் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது என்பது அவர் கைக்கு எட்டவில்லை. மாப்பிள்ளைதான் போய் விரல்களை மெதுவாக விடுவித்தார். அப்புறம்தான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாய்க்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எழுபது வளைவு ஏறி வந்திருக்கேனே, நாலு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேனே, வெறும் லாரியோட எப்படிங்க இறங்கறது என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அக்காதான் பதில் சொன்னார். அழுத மூக்கோடு, ஆனால் கடைக்காரக் குரலில். மழை வரப்போகிறது, கொடி பூ விட வேண்டும், அதற்கு வெயில் பட வேண்டும். எப்படியும் இந்த மாதம் மரத்தின் பக்கக் கிளைகளைக் கழிக்க ஆள் தேடியிருப்பேன், வந்த ஆள்களையே ஏறச் சொல்லுங்கள், விறகு லாரிக்கு ஆகும் என்றார்.

பாய் யோசித்தார். ஊர்க்கவுண்டர் யோசிக்கவில்லை, தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு போய்விட்டார். ஆள் மரமேறினான். முதல் கிளை விழுந்தது. வேலிக்கு மேலேயே விழுந்து, பாதி அண்ணன் பக்கமும் பாதி தம்பி பக்கமுமாகக் கிடந்தது.

ஓனரும் அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரத்துக் கிளை, ஆனால் கழிக்கச் சொன்னது கொடிக்காரி. நான் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் வைத்தேன். இன்னும் ஓரடி வைத்தேன்.

ஓனர்தான் முதலில் மேலே பார்த்தார்.

“ஏம்ப்பா, அடுத்ததைக் கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாச்சு வெட்டு.”

“அதெல்லாம் வேண்டாங்க” என்றார் அக்கா, மேலே பார்த்தபடியே. “அது போற போக்குல விழட்டும்.”

மரத்தில் இருந்தவன் அரிவாளை ஓங்கியபடியே கீழே இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். பாய் லாரியின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அவன் எந்தப் பக்கமும் சாயாத ஒரு சின்னக் கொப்பாகப் பார்த்து வெட்ட ஆரம்பித்தான்.